மிகையும் வழக்கும்: பாரிஸ் ஆடைக்கலையிற் பொஹீமிய, மனோரதியக் கலப்புப் பற்றிய ஒரு நோக்கு

ஆடையைக் கலை விமர்சனத்தின் பொருளாகக் கொள்ளுதல் எமது விமர்சன மரபிற் பெருவழக்கன்று. கவிதையும் நாடகமும் நாவலும் ஆய்வுக்குரியன, ஆடையோ அங்காடிக்குரியது என்ற எண்ணம் அறிஞர் மத்தியிலும் ஆழ வேரூன்றியுள்ளது. ஆயினும், ஒரு சமுதாயத்தில் யார் எதனை உடுத்தலாம், யார் எதனை உடுத்தலாகாது என்ற வினா எக்காலத்தும் அதிகாரத்தோடு தொடர்புற்றே வந்துள்ளது என்பதை அறிந்தோர் இவ்வெண்ணத்தை இலகுவில் ஏற்கமாட்டார். அங்காடியிற் கிடைக்கும் பொருளாயினும், அது எவ்வாறு அங்காடிக்கு வந்து சேர்ந்தது என்று கேட்பது விமர்சனத்தின் பணியேயாகும்.

கடந்த சில தசாப்தங்களாக மேலை நாட்டு ஆடைக்கலையிற் செல்வாக்குப் பெற்றுள்ள ஒரு போக்கை ‘மிகைமை’ எனப் பெயரிட்டு வழங்கலாம். வெல்வெற்று மேலங்கி, அதன்கீழே முந்திய நூற்றாண்டொன்றின் மடிப்புக் கழுத்துப்பட்டி, அதற்கும் கீழே பூவேலை நிறைந்த நாட்டுப்புறப் பாவாடை, தோளிலே காஷ்மீரச் சால்வை, கழுத்திலே அடுக்கடுக்காய் மணிமாலைகள் என அனைத்தையும் ஓர் உடலே சுமக்கும் கோலம் அது. இக்கோலத்தின் ஊற்றுக்கள் இரண்டு. ஒன்று பொஹீமியம், மற்றையது வரலாற்று மனோரதியம். முன்னையது கட்டற்ற வாழ்வின் அடையாளமென்றும், பின்னையது இறந்தகால எழிலின் நினைவென்றும், இரண்டும் இன்று இனிதே கலந்துள்ளனவென்றும் ஆடைச் சஞ்சிகைகள் எழுதும். இவ்விளக்கம் கேட்பதற்கு இனியது. ஆனால், வரலாற்றுக்குப் புறம்பானது. இவ்விரண்டும் பின்னாளில் யாரோ ஒரு வடிவமைப்பாளராற் கலக்கப்பட்டவை அல்ல. பிறக்கும்போதே ஒட்டிப் பிறந்தவை. அவற்றின் பிறப்பும் ஓர் அழகியல் விருப்பாக அன்றி ஒரு சச்சரவாகவே நிகழ்ந்தது.

‘பொஹீமியர்’ என்பது பிரெஞ்சு மொழியில் முதலில் றோமா நாடோடி மக்களைக் குறித்த சொல். அவர்கள் பொஹீமியா நாட்டிலிருந்து வந்தோர் என்ற தவறான எண்ணத்தால் ஏற்பட்ட பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் பாரிஸ் நகரின் வறிய ஓவியரும் எழுத்தாளரும் அப்பெயரைத் தமக்கு உரியதாக்கிக் கொண்டனர். பிறரது இழிபெயரை விரும்பிச் சூடிக்கொண்ட இவர்களுக்கு வேண்டும்போது அதனைக் கழற்றி வைக்கவும் முடிந்தது. உண்மை நாடோடிகளுக்கு அவ்வசதி இருக்கவில்லை. இவ்வேறுபாடு பின்னர் நோக்கப்படும் அனைத்துக்கும் அடிப்படையாகும்.

1830ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி பாரிஸின் தியேத்தர் பிரான்சேயில் விக்ரர் ஹியூகோவின் ‘ஏர்னானி’ நாடகம் முதன்முறை மேடையேறியது. செந்நெறி நாடக விதிகளைப் பேணிய முதியோருக்கும் அவற்றை உடைக்க முனைந்த இளைஞருக்கும் இடையே அன்றிரவு மூண்ட பூசல் இலக்கிய வரலாற்றிற் பெரிதும் பேசப்பட்டது. கூலிக்குக் கைதட்டுவோரை அமர்த்தும் வழமையை ஹியூகோ ஏற்க மறுத்தார். அவருக்காகக் கைதட்ட வந்தோர் ஓவியக்கூட மாணவர், சிற்பிகள், கவிஞர்கள். ‘இரும்பு’ என்ற பொருள்படும் ஸ்பானியச் சொல் பொறித்த செந்நிறத் துண்டுகளே அவர்களின் அனுமதிச் சீட்டுக்கள். நாடகம் தொடங்குவதற்குப் பல மணிநேரம் முன்னரே இருண்ட அரங்கினுள் விடப்பட்ட அவர்கள் ஆங்கேயே உண்டு, பாடிப் பொழுது போக்கினர். நீண்ட தலைமயிரும், பழைய ஓவியங்களிலிருந்து இறங்கி வந்தாற்போன்ற உடைகளுமாய் அவர்கள் அமர்ந்திருந்ததைக் கண்டு மாடத்திலிருந்த கனவான்கள் முகஞ்சுளித்தனர். திரை விலகுமுன்னரே ஒரு நாடகம் தொடங்கிவிட்டது எனலாம்.

அக்கூட்டத்தின் நடுவே பதினெட்டு வயதினரான தியோஃபில் கோத்தியே ஒரு செந்நிற வெயிஸ்கோட்டு அணிந்து வீற்றிருந்தார். இடைக்கால வீரரின் மார்புக்கவசம் போன்று முன்புறம் கூர்ந்து இறங்கும்படி அதனைத் தாமே திட்டமிட்டுத் தையற்காரரைக் கொண்டு தைப்பித்தார். அதனோடு வெளிர் பச்சைக் காற்சட்டை, காற்சட்டையின் ஓரத்தில் ஒரு கரிய வெல்வெற்றுப் பட்டி, வெல்வெற்று மடிப்புக்கொண்ட கரிய கோட்டு, பச்சைப் பட்டு உட்துணி இட்ட சாம்பல்நிற மேலங்கி ஆகியன. நாற்பது ஆண்டுகள் கழித்து, வாழ்வின் இறுதியில், மனோரதிய இயக்கத்தின் வரலாற்றை எழுத முற்பட்ட கோத்தியே, தாம் எழுதிக் குவித்தவற்றையெல்லாம் மறந்து மக்கள் அந்த வெயிஸ்கோட்டையே நினைவிற் கொண்டிருப்பதைச் சிரிப்பும் சலிப்பும் கலந்து குறிப்பிட நேர்ந்தது.

இந்நிகழ்விலே இரண்டு போக்குக்களும் பிரிக்கவொண்ணாவாறு ஒன்றியிருத்தல் மனங்கொளத்தக்கது. உடையின் வெட்டு வரலாற்றுக்குரியது; அதனை உடுத்தியவரின் நிலையோ சமுதாய ஒழுங்கின் விளிம்பிலே நிற்கும் இளைஞனின் நிலை. நாடகத்தின் தலைவனும் இவ்வாறானவனே. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் உயர்குடியிற் பிறந்து மலையிலே கொள்ளையனாய்த் திரிபவன் ஏர்னானி. வரலாறும் நாடோடி வாழ்வும் அவனிலே ஓருருவாகின்றன. கரிய கோட்டும் கரிய தொப்பியும் பூண்டு, நிறத்தையே பெண்களுக்கு விட்டுக்கொடுத்த நடுத்தர வர்க்க ஆடவனுக்கு எதிராக எழுப்பப்பட்ட வழக்கே அச் செந்நிறம். மிகை அங்கே வாதமாகும். அடக்கமே நாகரிகம் என்றவருக்கு அடங்காமையே விடையாயிற்று.

ஆயினும் அவ்வாதத்தின் எல்லையையும் கோத்தியே தாமே வெளிப்படுத்தியுள்ளார். 1793ஆம் ஆண்டின் புரட்சிச் செந்நிறத்தோடு தமது நிறத்தை எவரும் இணைத்து நோக்கக்கூடாது என்பதற்காக அதிலே சிறிது ஊதாச் சாயல் சேர்த்ததாக அவர் எழுதியுள்ளார். அரசியல் நோக்கம் தமக்குண்டு என்று எவரும் கருதிவிடலாகாதாம்! ஒரு துளிச் சாயத்திலே ஒரு வர்க்கத்தின் தயக்கம் முழுவதும் அடங்கியிருப்பதை இங்கு காணலாம். இதனை அதே காலத்துச் சான் சிமோனியரின் உடையோடு ஒப்பிடுதல் பயன்தரும். 1832இல் மெனில்மொந்தானிற் கூட்டாக வாழ்ந்த அக்கற்பனாவாதச் சோசலிஸ்டுகள் முதுகுப்புறம் பூட்டும் வெயிஸ்கோட்டை அணிந்தனர். பிறர் உதவியின்றி அதனை எவரும் அணிய முடியாது; மனிதர் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்பவர் என்பதை நாள்தோறும் நினைவூட்டுதலே அதன் நோக்கம். உடுத்தலிலேயே ஒரு சமுதாயக் கொள்கையை அவர்கள் தைத்து வைத்தனர். கோத்தியேயின் உடை தனிமனிதனை உயர்த்திக் காட்டியது. சான் சிமோனியரின் உடை அவனைப் பிறரோடு பிணைத்தது. பின்னாளைய ஆடைக்கலை எந்த வழியைத் தெரிந்தெடுத்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

கோத்தியேயின் தோழர் தம் பெயர்களையும் உடையாக்கினர். ஷான் என்பவர் இடைக்கால எழுத்து முறையில் ‘ஷெஹான்’ ஆனார். ஓகுஸ்த் மக்கே ‘ஓகுஸ்துஸ் மக்கீற்’ ஆனார். இப்பித்துக்களையெல்லாம் நகையாடிக் கோத்தியே 1833இல் ‘லே ஷேன் பிரான்ஸ்’ என்ற கதைத் தொகுதியை வெளியிட்டார். தம்மையே நகையாடும் இப்பண்பு இன்றைய மிகைமையாளரிடம் அருகிவிட்டது என்பதை இடையிற் குறிப்பிடுதல் தகும்.

1830களின் நடுப்பகுதியிற் கோத்தியே, நேர்வால், ஊசே முதலியோர் லூவர் அரண்மனையின் அருகே, இடிபடவிருந்த துவாயென்னேச் சந்திற் குடியிருந்தனர். முந்திய நூற்றாண்டின் பொன்முலாமிட்ட தளபாடங்களையும் பட்டுத் திரைகளையும் பழைய சாமான் கடைகளில் மலிவாக வாங்கி அறைகளை நிறைத்தனர். புரட்சியினால் நாடுகடந்தும் நலிந்தும் போன பிரபுக்களின் உடைமைகள் அக்காலத்திற் கேட்பாரற்றுக் கிடந்தன. வறியவன் வீட்டிற் செல்வத்தின் எச்சங்கள் குவிந்தமைக்கு இதுவே பொருளியற் காரணம். ஆகவே, மிகைமை தோன்றும்போது செல்வத்தின் காட்சியாக அன்றிச் செல்வத்தின் வீழ்ச்சியிற் பெறப்பட்ட கொள்ளையாகவே இருந்தது. பொருத்தமற்றவை ஒன்றாய்க் கிடந்தது சுவையினால் அன்று, கிடைத்ததை வாங்கியதனால்.

இவ்வுலகின் மறுபக்கத்தைக் காட்டியவர் ஆன்ரி மியுர்ஜே. அவர் தையற்காரரின் மகன். 1851இல் நூலுருவம் பெற்ற அவரது ‘பொஹீமிய வாழ்வின் காட்சிகள்’ கோத்தியேயின் உலகைப்போல் ஒளிர்வதில்லை. மேற்கோட்டு என்பது மியுர்ஜேக்கு அழகுப் பொருளன்று, குளிரிலிருந்து காக்கும் பொருள். அதற்கு மேலாக, ஈடு வைக்கக்கூடிய பொருள். அந்நூலைத் தழுவிப் பூச்சினி அமைத்து 1896இல் தூரினில் அரங்கேறிய இசைநாடகத்தின் இறுதி அங்கத்திற் சாகும் நிலையிலுள்ள மிமிக்காகத் தத்துவஞானி கொலீன் தன் பழைய மேற்கோட்டை ஈடு வைக்கச் செல்கின்றான். செல்லுமுன் அக்கோட்டுக்கு விடைகூறிப் பாடுகின்றான். பொஹீமியத்தின் அனைத்துச் சால்வைகளையும் மாலைகளையும் விட அந்த ஒரு கோட்டே அவ்வாழ்வைப் பற்றி அதிகம் கூறுகின்றது. தையற்காரரின் மகனுக்கு ஆடையின் விலை தெரிந்திருந்தது. கவிஞருக்கு அதன் நிறம் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தில் இப்போக்கு வேறு வடிவெடுத்தது. றபேலுக்கு முற்பட்ட ஓவியத்தை மீட்க விழைந்த குழுவினரின் வட்டத்திலே ஜேன் மொறிஸ் முதலிய பெண்கள் இறுக்குக் கச்சை நீக்கித் தளர்ந்த அங்கி அணிந்தனர். அது பெண்ணுடலுக்கு உண்மையான விடுதலை என்பதில் ஐயமில்லை. எனினும், 1884இல் இலண்டன் லிபர்ட்டி விற்பனை நிலையம் இத்தகைய உடைகளுக்கெனத் தனிப்பிரிவு திறந்தபோது, கிளர்ச்சிக்கும் ஒரு விலைப்பட்டியல் தயாராயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இக்கலப்பின் சிகரமாய் அமைந்தது 1976 யூலையில் ஈவ் சான் லோறான் பாரிஸில் வெளியிட்ட இலையுதிர்கால ஆடைத் தொகுதி. ‘இசைநாடகங்கள் - ருஷ்ய பலே’ என்ற பெயரால் அது வழங்கப்படுகின்றது. பொற்சரிகையிட்ட பட்டுப் பாவாடைகள் அகன்று விரிந்தன. கொசாக்கு வீரரின் மேலங்கிகள் மென்மயிர்த்தோற் கரையிட்டு நின்றன. நாட்டுப்புறப் பெண்ணின் தலைத்துணி பொன்னிழையில் நெய்யப்பட்டு வந்தது. செருக்கு மிக்க நீள்சப்பாத்துக்கள் யாவற்றையும் தாங்கின. நியூ யோர்க் டைம்ஸ் பத்திரிகை இச்செய்தியைத் தன் முதற்பக்கத்திலே வெளியிட்டது. ஆயத்த ஆடைகள் பெருகி, உயர் ஆடைக்கலை தன் நாட்களை எண்ணிக் கொண்டிருப்பதாகப் பலர் கருதிய காலம் அது. 1966இல் ஆயத்த ஆடைக் கடையைத் திறந்து அந்நிலைமைக்கு வழிகோலியவர்களிற் சான் லோறானும் ஒருவர் என்பது சுவையான முரண்.

இத்தொகுதியை எளிதிற் பழித்துவிடலாம். உழவுப் பெண்ணின் பாவாடையை உழவுக்கும் உழைப்புக்கும் அந்நியமான கோடீசுவரிகளுக்கு விற்ற செயல் எனக் கூறின் அது பொய்யாகாது. ஆயினும், அவ்வளவில் நிறுத்துதல் விமர்சனமாகாது. சான் லோறான் ருஷ்ய கிராமத்தைக் காட்டுவதாகப் பாசாங்கு செய்யவில்லை என்பதை முதலில் உணர்தல் வேண்டும். டியாகிலெவின் குழு 1909இலிருந்து பாரிஸ் மேடைக்குக் கொணர்ந்த ருஷ்யாவும், 1910இன் ‘ஷெஹெரசாட்’டுக்குப் பக்ஸ்ற் வரைந்த கீழைத்தேசமும் ஏற்கெனவே பாரிஸ் பார்வையாளருக்காகப் புனையப்பட்டவை. சான் லோறான் பிரதிபண்ணியது மேடையை; தொகுதியின் பெயரே அதற்குச் சான்று. புனைவைப் புனைவென்றே அறிவிக்கும் நேர்மை அதிலுண்டு. இன்னொன்றும் கூறவேண்டும். அவர் 1936இல் அல்ஜீரியாவின் ஓரான் நகரிற் பிறந்தவர். குடியேற்ற ஆட்சியாளர் சமூகத்தின் மகன். மராகெஷ் நகரை 1966இலிருந்து இரண்டாந் தாயகமாய்க் கொண்டவர். வட ஆபிரிக்கத் தெருக்களின் நிறங்களை அவர் கண்ணாற் கண்டு அறிந்தவர். ஊதாவையும் செம்மஞ்சளையும் அருகருகே வைத்து அவை ஒன்றையொன்று கொல்லாமற் காத்த திறன் நூலறிவால் வந்ததன்று.

இத்தொகுதியின் வெற்றிக்கு மூல காரணம் மிகையை ஆளும் ஒழுங்கு. எத்துணை அலங்காரம் ஏறினும் இடையின் கோடும் தோளின் அளவும் தளர்வதில்லை. ஆண்களின் உடையைப் பெண்களுக்கு வெட்டிப் பழகிய கை அது. நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் ‘மிகைபடக் கூறல்’ என்பதனையும் ஒன்றாய் வைத்தார். ஆனால், அணியிலக்கண மரபோ உயர்வு நவிற்சியை அணியென ஏற்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு அளவு பற்றியதன்று, தேவை பற்றியது. கருதிய பொருளை எட்டுதற்கு வேண்டிய மிகை அணியாகும். பொருள் எதுவும் கருதாது சேர்த்தது குற்றமாகும். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், சான் லோறானின் பின்வந்தோரைத் தரம் பிரித்தல் கடினமன்று.

ஜோன் கல்லியானோ 1984இல் இலண்டன் சென் மார்ட்டின் கலைக்கல்லூரியில் இறுதியாண்டு மாணவராய் அமைத்த தொகுதி, பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சிக்குப் பின்னர் தோன்றிய ‘நம்பமுடியாதோர்’ எனப்பட்ட இளைஞர் கோலத்தைத் தழுவியது. அவ்விளைஞர்கள் கோட்டின் மடிப்பை மிதமிஞ்சிப் பெருக்கியும், ‘ர’கர ஒலியை விழுங்கிப் பேசியும் திரிந்தவர். கல்லியானோவின் இளமைப் படைப்பில் வரலாறு கிழிந்தும் கலைந்தும் உயிரோடு எழுந்தது. தாச்சர் ஆட்சிக்கால இலண்டனின் வேலையற்ற இளைஞர் இரவு விடுதிகளிற் பூண்ட வேடங்களோடு அதற்கு இரத்த உறவு உண்டு. எட்டே எட்டு உடைகள். ஆனால், அவற்றில் ஒரு வழக்கு இருந்தது.

அதே கல்லியானோ 2000ஆம் ஆண்டு சனவரியில் டியோர் நிறுவனத்தின் உயர் ஆடைத் தொகுதிக்குப் பாரிஸ் தெருக்களில் உறங்கும் வீடற்றோரை ஆதாரமாய்க் கொண்டார். கந்தலாக்கப்பட்ட பட்டு, செய்தித்தாள் அச்சிட்ட துணி, இடையிலே தொங்கும் வெற்றுப் போத்தல் என்பன மேடையில் வந்தன. கடுங் கண்டனம் எழுந்தது. பின்னர் அச்செய்தித்தாள் அச்சு விலையுயர்ந்த வணிகச் சின்னமாய் மாறியது. தையற்திறன் என்ற அளவில் இத்தொகுதி எவ்வகையிலும் தாழ்ந்ததன்று என்பதே இங்குள்ள சிக்கல். கொலீன் தன் கோட்டை இழந்தான். இங்கோ கோட்டற்றவனின் நிலையே கோட்டாகித் திரும்பி விற்கப்பட்டது. கழற்றி வைக்கக்கூடிய வறுமைக்கும் கழற்ற முடியாத வறுமைக்கும் இடையேயுள்ள கோட்டை, 1830இன் இளைஞர் அறியாமலேனும் மதித்தனர். அவர்களது உள்ளறைப் பட்டுத் திரைகளுக்குப் பின்னால் வாடகை கொடுக்கும் கவலை மெய்யாகவே இருந்தது.

அலெஸ்ஸான்ட்ரோ மிக்கேலே 2015 முதல் 2022 வரை இத்தாலியின் கூச்சி நிறுவனத்தில் ஆக்கியவை வேறொரு நோயைக் காட்டுகின்றன. மறுமலர்ச்சிக் காலப் பூவேலை, விக்டோரியக் கழுத்து, 1970களின் கண்ணாடி, பாட்டியின் கம்பளி, விளையாட்டு வீரனின் காலணி என்று அவர் சேர்த்தவை எண்ணிலடங்கா. ஆண், பெண் உடைப் பிரிவினையை நெகிழ்த்தி, மெலிந்த இளைஞன் பட்டு முடிச்சுச் சட்டையோடு நாணமின்றி நடக்க இடந்தந்தமை அவரது மெய்யான பேறு. அவ்விடத்தில் அவர் கோத்தியேயின் நேர்ப் பேரன். ஆனால், யாவும் சமநிறையில் வைக்கப்படும்போது எதுவும் நிறையுடையதாய் இராது. ‘மற்றொன்று விரித்தல்’ என்பதும் நூற்குற்றங்களுள் ஒன்றல்லவா? 2018இல் அவரது மேடையில் வெள்ளை இன அலங்காரிகள் சீக்கியரின் தலைப்பாகையை ஒத்த ஒன்றை அணிந்து வந்தனர். மறு ஆண்டு அது அமெரிக்கக் கடையொன்றில் ஏறத்தாழ 790 டொலருக்கு விற்பனைக்கு வந்தபோது சீக்கியர் எதிர்ப்புத் தெரிவிக்க, கடைக்காரர் மன்னிப்புக் கோரினர். தலைப்பாகை கட்டியமைக்காகத் தாக்குண்ட மக்களுக்கு அது ஒரு மாலையோ ஊசியோ அன்று. நாடோடியின் பெயரை எடுத்துச் சூடிய அந்தப் பழைய செயல் இருநூறு ஆண்டுகள் கழித்தும் அதே எளிமையோடு நிகழ்ந்துள்ளது.

ஆடைக்கலை விமர்சனம் வடிவமைப்பாளரின் பெயரோடு நின்றுவிடுதல் அதன் பெருங்குறை. மிகை என்பது முதலாவதாக உழைப்பின் மிகை. ஒரு சாண் பரப்பிற் சரிகையும் மணியும் நிறைக்க எத்தனை மணிநேரம் ஊசியோ கொக்கியோ இயங்கவேண்டும் என்பதைக் காண்போர் கேட்பதில்லை. துவாயென்னேச் சந்தின் இளைஞர் அவ்வுழைப்பைப் பழம்பொருளாய் மலிவில் வாங்கினர். சான் லோறானுக்குப் பாரிஸ் தையற்கூடங்களின் பெண்கள் இருந்தனர். ‘சிறு கைகள்’ என்பதே பிரெஞ்சு மொழியில் அவர்களுக்கு இட்ட பெயர். லெசாஜ் பூவேலைக்கூடம் அவருக்குப் பணியாற்றியது. இன்று அப்பெயரின் வரலாறு எமக்கு அண்மையிலும் வந்துள்ளது. அக்குடும்பத்தின் ஷான் பிரான்சுவா லெசாஜ் 1990களின் தொடக்கத்திற் சென்னையில் வஸ்த்ரகலா என்ற பூவேலைக்கூடத்தை நிறுவினார். பிரான்சின் பழைய மாளிகைகளுக்கான திரைகளையும் விரிப்புக்களையும் அங்குள்ள தொழிலாளர் ஆரிக் கொக்கியால் மீண்டும் ஆக்குகின்றனர். மும்பையின் சாணக்கியா கூடம் டியோர் நிறுவனத்துக்கு நெடுங்காலம் பூவேலை செய்துவருவது. 2023 மார்ச்சில் அந்நிறுவனம் இந்திய வாயிலின் முன்னே ஆடைக்காட்சி நடத்தி அவ்வுறவை வெளிப்படையாக ஏற்றது.

கொக்கியாற் பின்னும் பூவேலை கீழைத்தேசத்திலிருந்தே பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் பரவியது. சோழமண்டலக் கரையின் பூத்துணிகளை அஞ்சிப் பிரெஞ்சு அரசு 1686 முதல் 1759 வரை அவற்றைத் தடைசெய்தும் இருந்தது. இப்பொழுது பிரெஞ்சு அரச மாளிகைக் காலத்தின் எழில், சென்னையில் ஒரு சட்டகத்தின் இருபுறமும் குந்தியிருப்போரின் விரல்களால் மீட்கப்படுகின்றது. காட்சியின் நிகழ்ச்சி நிரலிற் பாரிஸ் வடிவமைப்பாளரின் பெயர் முதலிலும், இசையமைத்தவரின் பெயர் அடுத்தும், தலையலங்காரம் செய்தவரின் பெயர் அதற்கடுத்தும் அச்சிடப்படும். கூடத்தின் பெயர் அண்மைக்காலமாகச் சிலவேளை இடம்பெறுகின்றது. கொக்கி பிடித்தவரின் பெயர் இன்னும் இடம்பெறவில்லை.